பசிக்கணக்கு – 9: பூசணம் பூத்த சீஸ்

போன வாரம், உணவு வங்கி தொடங்கிய ஜான் வான் ஹெங்கலை 1967-ல், ஃபீனிக்ஸ் நகரத்தில், செயின்ட் மேரீஸ் தேவாலயம் தந்த பழைய கட்டடத்தின் வாசலில் விட்டுவிட்டு வந்தோம். கையிருப்பு 3,000 டாலர். அதுவும் தேவாலயம் கொடுத்ததுதான்.

1975-ல் அந்த உணவு வங்கிக்கு அமெரிக்க மத்திய அரசின் மானியம் கிடைத்தது. இங்கே செய்ததை மற்ற ஊர்களிலும் தொடங்கிக் கொடுங்கள் என்பதற்காகத் தந்த பணம். 1977-க்குள் 18 நகரங்களில் உணவு வங்கிகள் வந்துவிட்டன. நாடு முழுக்கப் பரவியிருக்கும் இன்றைய 'ஃபீடிங் அமெரிக்கா'வின் வேர் அங்கேதான் இருக்கிறது. அரசுப் பணம் உருப்படியாகச் செலவானதற்கு உதாரணம் கேட்டால் நான் தயங்காமல் இதைச் சொல்வேன்.

அடுத்து நடந்ததை அப்படிச் சொல்ல முடியாது. அது சீஸ் கதை.

பால் விலை அடிமட்டத்துக்குப் போய்விடாமல் இருக்க, விற்காத மிச்சத்தை அமெரிக்க அரசே வாங்கிவந்தது. பாலைச் சேர்த்துவைக்க முடியாதே. வெண்ணெயாக, பால் பவுடராக, சீஸாக வாங்கியது. 1970-களின் இறுதியில் ஆதரவு விலையைக் கூட்டினார்கள். பண்ணைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? கறந்து தள்ளினார்கள். 1981-ல் அரசுக் கிடங்குகளில் கிடந்த சீஸ் மட்டும் 56 கோடி பவுண்டு. நம் கணக்கில் இரண்டரை லட்சம் டன். சந்தையில் விட்டால் விலை சரியும். குழி தோண்டிப் புதைத்தால் ஊர் காறித் துப்பும். ஏழைகளுக்கான உணவுக் கூப்பன் செலவை ரீகன் அரசு வெட்டிய வருடமும் அதுதான்.

விவசாயத் துறைச் செயலர் ஜான் பிளாக், பூசணம் பிடித்த சீஸ் கட்டி ஒன்றைப் பத்திரிகையாளர்கள் முன்னால் தூக்கிக் காட்டினார். டிசம்பரில் ரீகன் 3 கோடி பவுண்டை ஏழைகளுக்குக் கொடுக்கக் கையெழுத்துப் போட்டார்.

ஒரு கட்டி ஐந்து பவுண்டு. பழுப்பு அட்டைப் பெட்டிக்குள் செங்கல் மாதிரி இருக்கும், ஆரஞ்சு நிறத்தில். வீட்டுக்குக் கொண்டுபோய் ரொட்டிக்கு நடுவில் வைத்துச் சுட்டால் நன்றாக உருகும். 'கவர்மென்ட் சீஸ்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. அதைத் தின்று வளர்ந்தவர்கள் ஏக்கமும் கூச்சமுமாக இன்றும் அதைப் பற்றிப் பேசுவார்கள்.

சரி, யார் கொடுப்பது? அங்கே நம்மூர் ரேஷன் கடை கிடையாது. உணவு வங்கிகளும் தேவாலயங்களும் கஞ்சித்தொட்டி நடத்துகிறவர்களும்தான் பெட்டிகளை இறக்கினார்கள். 1983-ல் இந்த ஏற்பாட்டைச் சட்டமாக்கினார்கள். இன்றுவரை நடைமுறை இதுதான்: மத்திய விவசாயத் துறை சரக்கை வாங்கும், வறுமையையும் வேலையின்மையையும் வைத்து மாநிலங்களுக்குப் பங்கு பிரிக்கும், மாநிலம் உணவு வங்கிக்கு அனுப்பும், அங்கிருந்து தெருமுனைத் தேவாலயத்துக்குப் போகும். வண்டிக் கூலிக்கும் குளிர்பதனக் கிடங்குக்கும் தனியாகக் கொஞ்சம் பணம் உண்டு. தொண்டு நிறுவனம் நடத்திப் பார்த்தவர்களுக்குத்தான் இந்தக் கொஞ்சத்தின் அருமை தெரியும். அரிசி மூட்டை கொடுக்க ஆயிரம் பேர் வருவார்கள், கரண்ட் பில் கட்ட ஒருவர் வரமாட்டார்.

சட்டத்துக்கு வைத்த பெயர் 'டெம்பரரி எமர்ஜென்சி ஃபுட் அசிஸ்டன்ஸ்'. தற்காலிகமாம். சுருக்கமாக 'டீஃபாப்'. 1990-ல் 'டெம்பரரி'யை எடுத்துவிட்டார்கள். ஆனால் முதலெழுத்து போனால் ஆபீஸில் எல்லோர் வாயிலும் பழகிய சுருக்கப்பெயர் கெட்டுப்போகுமே? அந்த இடத்தில் ஒரு 'தி' போட்டுச் சரிக்கட்டினார்கள். 'எமர்ஜென்சி' மட்டும் அப்படியே இருக்கிறது, நாற்பது வருடங்களுக்கு மேலாக.

சீஸ் மலை 1980-களின் கடைசியில் கரைந்தது. அப்போதுதான், மிச்சம் இல்லாவிட்டாலும் காசு போட்டு வாங்கிக் கொடு என்று 1988-ல் சட்டம் வந்தது. ஆனாலும் பழைய புத்தி போகவில்லை. 2018-ல் சீனாவோடு வரிச் சண்டை வந்து ஏற்றுமதி படுத்தபோது, பன்றி இறைச்சியையும் ஆப்பிளையும் அரசு வாங்கி உணவு வங்கிகளின் தலையில் கட்டியது. பசித்தவர் கூடியதால் வந்த சரக்கல்ல. விவசாயியிடம் தேங்கியதால் வந்த சரக்கு. வேண்டாம் என்று எந்த உணவு வங்கி சொல்லும்? கூடுதல் ஃப்ரீஸருக்கு இடம் தேடி அலைந்தார்கள்.

உணவு வங்கி ஒரு வேளைச் சாப்பாடு தருகிறது என்றால், அரசின் உணவுக் கூப்பன் ஒன்பது வேளை தருகிறது என்று ஃபீடிங் அமெரிக்காவே சொல்கிறது. அந்த ஒன்பதை வெட்டிவிட்டு ஒன்றைக் காட்டுவது அமெரிக்க அரசியல்வாதிகளுக்குப் பழக்கம்.

2025-ல் அந்த ஒன்றிலும் கைவைத்தார்கள். டீஃபாப் வழியாக வரவேண்டிய சுமார் 50 கோடி டாலர் சரக்கு ரத்தானது. உள்ளூர் விவசாயிகளிடம் உணவு வங்கிகள் நேரடியாகக் கொள்முதல் செய்யத் தந்துவந்த மானியமும் அதே வருட மார்ச்சில் நின்றது. வராமல் போன லாரிகளில் இருக்கவேண்டியது கோழி, முட்டை, பால். அப்புறம், சீஸ்.

(தொடரும்)