பாலைவனத்துக் கோல்ஃப் திடலும் கணிப்பொறியில் அதன் பிரதியும்

ஒரு நிலப்பரப்பை அளந்து, அவ்வளவுகளைக் கொண்டு அதனை வேறோரிடத்தில் மீண்டும் உருவாக்குதல் நில அளவையாளருக்குப் பழகிய கலையாகும். தாளில் வரைந்த வரைபடமும், களிமண்ணால் செய்த மாதிரியும் இவ்வகையினவே. இந்நாளில் கணிப்பொறி விளையாட்டுகளை ஆக்குவோரும் இக்கலையைக் கையாளுகின்றனர். உண்மையான கோல்ஃப் திடலொன்றைத் திரையில் அமைத்து, ஒருவர் வீட்டிலிருந்தபடியே அதில் ஆடுமாறு செய்கின்றனர். அத்திடல் பாலைவனத்தில் இருப்பின் இவ்வேலை எவ்வாறு நடைபெறும், எவ்விடத்தில் தவறும் என்பதை இங்கே காண்போம்.

எடுத்துக்காட்டான திடல்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரிசோனா மாநிலத்தில், சொனோரன் பாலைவனப் பகுதியிலுள்ள ஸ்காட்ஸ்டேல் நகரில் ‘டிபிசி ஸ்காட்ஸ்டேல்’ என்னும் திடல் உள்ளது. டாம் வைஸ்காஃப், ஜே மாரிஷ் ஆகிய இருவரும் வடிவமைத்த இத்திடல் 1986-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. 2020-இல் வெளிவந்த ‘பிஜிஏ டூர் 2கே21’ என்னும் கணிப்பொறி விளையாட்டில் இதன் பிரதி இடம்பெற்றது.

கோல்ஃப் ஆட்டத்தின் பந்து 42.67 மில்லிமீட்டருக்குக் குறையாத விட்டமும், 45.93 கிராமுக்கு மேற்படாத எடையும் உடையது. அது சென்று விழவேண்டிய குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். குழியைச் சூழ்ந்து மிகக் குட்டையாக வெட்டப்பட்ட புல்தரையைக் ‘கிரீன்’ என்பர். அங்கே பந்து பறப்பதில்லை, உருண்டே செல்கிறது. ஆதலால் நிலத்தின் சிறு சரிவும் அதன் பாதையை மாற்றிவிடும்.

உயரங்களை அளத்தல்

பிரதி செய்வோருக்கு முதற்கண் தேவைப்படுவது நிலத்தின் உயரங்கள். 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்க விண்வெளி ஓடம் ஒன்று 11 நாட்கள் ரேடார் கொண்டு பூமியின் நிலப்பரப்பில் பெரும்பகுதியை அளந்தது. அவ்வளவுகள் சுமார் 30 மீட்டர் இடைவெளியில் அமைந்தவை. மலைகளையும் பள்ளத்தாக்குகளையும் காட்ட இவை போதும். ஆனால், ஒரு கிரீனின் குறுக்களவே ஏறத்தாழ 30 மீட்டர்தான். அதன் மேடு பள்ளங்கள் யாவும் ஒரே எண்ணாகச் சுருங்கிவிடும்.

இக்குறையை லேசர் அளவை தீர்க்கிறது. விமானத்திலிருந்து லேசர் ஒளித்துடிப்புகளைக் கீழே செலுத்தி, அவை தரையிற் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கணக்கிடுகின்றனர். விமானம் 1,000 மீட்டர் உயரத்திற் பறந்தால், ஒளி சென்று திரும்ப ஒரு வினாடியின் பத்து இலட்சத்தில் ஏழு பங்குக்கும் குறைவான நேரமே ஆகும். அமெரிக்க நிலவியல் அளவைத் துறை இவ்வாறு பெற்ற உயரங்களை 1 மீட்டர் இடைவெளியில் தொகுத்து, எவரும் கட்டணமின்றிப் பெறுமாறு வெளியிட்டு வருகிறது. அடர்ந்த காடு இல்லாமையால், பாலைவனத்தில் லேசர் எளிதிற் தரையை எட்டும். ஆயினும் தாழ்ந்த புதர்களைத் தரையினின்று பிரித்தறிதல் அவசியம். தவறினால் ஒவ்வொரு புதரும் ஒரு மண்மேடாகிவிடும்.

இவ்வளவைகள் பொதுவாக உயரத்தில் 10 சென்டிமீட்டர் அளவிலான பிழையை அனுமதிக்கின்றன. கிரீனில் 100-க்கு 2 என்ற சரிவு இருப்பின், 10 மீட்டர் தொலைவில் நிலம் 20 சென்டிமீட்டர் தாழும். மேல் முனை 10 சென்டிமீட்டர் குறைவாகவும், கீழ் முனை 10 சென்டிமீட்டர் கூடுதலாகவும் பதிவாயின், அச்சரிவே மறைந்துவிடும். இது காரணமாகக் கிரீன்களை மட்டும் தரையில் நின்றே மறுமுறை அளத்தல் நலம். வானத்து அளவை எவ்வளவு முன்னேறினும், நிலத்தில் நின்று அளப்பவரின் பணி தீர்ந்துபோகவில்லை.

எண்களாகப் பதிதல்

பெற்ற உயரங்களைக் கணிப்பொறியிற் பதியும்போதும் தவறு நேரலாம். திடலின் தாழ்ந்த இடத்துக்கும் உயர்ந்த இடத்துக்கும் 40 மீட்டர் வேறுபாடு இருப்பதாகக் கொள்வோம். எட்டு பிட்டுகளில் பதிந்தால் 256 படிகளே கிடைக்கும். ஒரு படி ஏறத்தாழ 16 சென்டிமீட்டர். மென்மையான சரிவு மாடிப்படியாகிவிடும். பதினாறு பிட்டுகளில் பதிந்தால் 65,536 படிகள் கிடைக்கும். ஒரு படி 1 மில்லிமீட்டருக்கும் குறைவு. முன்னதில் பந்து படியில் இடறும். பின்னதில் சரிவில் உருளும்.

புல்லின் எல்லை

உயரத்துக்கு அடுத்தது புல்லின் எல்லை. அரிசோனாவில் நீர் அரிது. அம்மாநிலம் 1980-இல் நிலத்தடி நீர் மேலாண்மைச் சட்டத்தை இயற்றியது. அதன்கீழ் வகுக்கப்பட்ட திட்டங்கள், பெரிய புல்தரைகளுக்குப் பாய்ச்சும் நீருக்கு வரம்பு விதித்தன. எனவே அப்பகுதியின் திடல்கள் பலவற்றில் புல்தரைகள் தீவுகளைப்போல் அமைந்துள்ளன. இடையே பாலை நிலம் அவ்வாறே விடப்பட்டிருக்கிறது. ஆடுபவர் ஒரு தீவிலிருந்து மற்றொன்றுக்குப் பந்தை அடித்துக் கடத்த வேண்டும். பிரதி செய்பவர் புல்லின் எல்லையைச் சில மீட்டர் அகலப்படுத்தினால் ஆட்டம் எளிதாகிவிடும். அதனினும் மேலாக, அந்நிலம் நீருக்குப் படும் பாடு மறைந்துவிடும்.

தாவரங்களும் கருதத்தக்கவை. அவற்றைக் கணிப்பொறி ஒழுங்கின்றித் தூவினால் இயற்கை தோன்றாது. சகுவாரோ என்னும் நெடிய கள்ளியின் இளங்கன்றுகள், வெயிலையும் உறைபனியையும் தாங்குதற்குப் பெரும்பாலும் பாலோ வெர்டே போன்ற மரங்களின் நிழலில் வளர்கின்றன. அவற்றை அங்ஙனமே அமைத்தல் வேண்டும்.

காற்றும் காலமும்

வெப்பநிலை 10 பாகை செல்சியஸிலிருந்து 40 பாகைக்கு உயரும்போது, அழுத்தம் மாறாதிருப்பின், காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 100-க்கு 10 பங்கு குறையும். பந்துக்கு நேரும் தடையும் குறையும். ஆகவே பருவத்தையும் குறிக்க வேண்டும். அங்குக் கோடையில் தழைக்கும் பெர்முடா புல் குளிர்காலத்திற் பழுப்பாகும். அப்போது பசுமை வேண்டி, இலையுதிர் காலத்தில் ரைப் புல் விதைப்பர். ஆண்டையும் குறித்தல் அவசியம். வைஸ்காஃபே இத்திடலை 2014-இல் புதுப்பித்தார். அதற்கு முன் எடுத்த அளவு, இப்போதுள்ள நிலத்துக்கு முற்றிலும் பொருந்தாது. 16-ஆம் குழியைச் சூழும் பார்வையாளர் மேடைகளும் ஆண்டுதோறும் போட்டிக்காக எழுப்பப்படுபவை.

எந்த நாளின் நிலம் இது என்று குறிக்கப்படாத பிரதி, நாள் எழுதப்படாத களக் குறிப்பேடு போன்றது.

ஆசிரியர்களுக்கு

இதே பாடத்தைக் கணிப்பொறியின்றியும் மாணவர்க்குக் காட்டலாம். பள்ளி மைதானத்தில் 10 மீட்டர் சதுரம் ஒன்றைக் குறித்து, நீர் நிரப்பிய ஒளிபுகும் குழாயைக் கொண்டு ஒவ்வொரு மீட்டரிலும் மட்டம் பாருங்கள்; 121 எண்கள் கிடைக்கும். அவற்றைக் கொண்டு சம உயரக் கோடுகளை வரையச் செய்யுங்கள். பின்னர் நான்கு மூலைகளின் எண்களை மட்டும் கொண்டு மீண்டும் வரையச் செய்யுங்கள். இரண்டாம் படத்தில் எந்த மேடு மறைந்தது, எந்தப் பள்ளம் மறைந்தது என மாணவரே மைதானத்தில் நடந்து கண்டறியட்டும். இறுதியில் ஒரு பந்தை உருட்டிவிட்டு, எந்தப் படம் அதன் போக்கைச் சரியாகக் கூறியது என ஒப்பிடுவாராக.