டர்போ டிராக்டருக்கு எந்த ஆயில்?

"பம்பு செட்டுக்கு வாங்கிய ஆயில் மீதம் இருந்தது, அதையே புது டிராக்டருக்கும் ஊற்றி வந்தேன்" என்றார் ஒரு விவசாயி. குறுவைச் சேற்றுழவின் நடுவே வண்டி நீலப் புகை கக்கி, இழுவை குறைந்து நின்றுவிட்டது. டர்போவை மாற்றிய செலவில் அந்தப் போகத்து லாபம் போயிற்று. வண்டியோ வங்கிக் கடனில் வாங்கியது.

எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் வேகத்தில் டர்போவின் ஒரு சக்கரம் சுழலும். அதே தண்டின் மறுமுனைச் சக்கரம் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும். இதனால் சிறிய எஞ்சினே அதிகக் குதிரைத்திறன் தருகிறது. இந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் சுற்றக்கூடியது. மெல்லிய ஆயில் படலத்தின் மேல் மிதந்தபடியே சுற்றுகிறது. பாரம் இழுக்கும்போது புகையின் சூடு 500 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டைத் தாங்கி, தண்டையும் குளிர வைப்பது ஆயில்தான். சாதாரண ஆயில் அங்கே கருகிக் கரியாகப் படியும்.

ஆயில் டின்னில் இரண்டு குறிப்புகளைப் பார்த்து வாங்க வேண்டும். ஒன்று 15டபிள்யூ-40 போன்ற எண். முன் எண் குறைந்தால், குளிர்ந்த நிலையிலும் ஆயில் விரைவாக ஓடும். பின் எண் எஞ்சின் சூட்டில் அதன் கெட்டித்தன்மையைக் காட்டும். கெட்டியான ஆயிலே நல்லது என்பது நம்மவர்களிடம் உள்ள பழைய நம்பிக்கை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் கெட்டி ஆயில் டர்போவுக்குத் தாமதமாகவே போய்ச் சேரும்.

மற்றது ஏ.பி.ஐ. தரம். 'எஸ்' எழுத்தில் தொடங்குவது பெட்ரோல் வண்டிக்கு, 'சி' டீசலுக்கு. சி.எப்-4 1990-லும், சி.எச்-4 1998-லும், சி.ஐ-4 2002-லும், சி.கே-4 2016-லும் வந்தவை. வண்டியுடன் வந்த புத்தகம் சொல்லும் தரத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. 2023 ஜனவரி முதல் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்குப் புகைக் கட்டுப்பாடு கடுமையாகியுள்ளது. புகை வடிகட்டி பொருத்திய வண்டியானால் சாம்பல் குறைந்த ஆயிலே ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். கியர், ஹைட்ராலிக் ஆயிலை எஞ்சினில் ஊற்றுவது கூடவே கூடாது.

நல்ல ஆயில் ஊற்றினாலும் ஓட்டுபவர் அவசரப்பட்டால் பயனில்லை. ஸ்டார்ட் செய்தவுடன் ஆக்சிலேட்டரை முறுக்காமல், அரை நிமிடமாவது மெதுவாக ஓடவிடுங்கள். உழுது முடித்ததும் உடனே நிறுத்தாமல் இரண்டு, மூன்று நிமிடம் சும்மா ஓடவிட்டு நிறுத்துங்கள். சூட்டோடு நிறுத்தினால் டர்போவுக்கு ஆயில் வரத்து நின்று, உள்ளே இருப்பது கருகும். வாடகைக்கு ஓட்டும் டிரைவரிடம் இதைக் கட்டாயம் சொல்லி வையுங்கள்.

ஆயில் கறுத்துவிட்டதே என்று பயப்பட வேண்டாம். எஞ்சின் கரியைத் தன்னுள் தாங்குவதால்தான் கறுக்கிறது. பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அளவுக் கம்பியில் மட்டம் தானாக உயர்ந்தால் டீசல் இறங்கியிருக்கலாம். இரண்டுக்குமே வண்டியை உடனே நிறுத்தி மெக்கானிக்கிடம் காட்டவும். ஆயில் மாற்றும் கெடுவை மணி மீட்டரைப் பார்த்து, புத்தகப்படி வைத்துக்கொள்ளுங்கள். ஆயில் பில்டரையும் கூடவே மாற்றுங்கள். நெல் அடிக்கும் களத்துத் தூசியில் ஓடும் நாட்களில் காற்று வடிகட்டியைத் தினமும் பார்க்க வேண்டும்.

சீல் உடையாத டின்னைப் பில்லோடு வாங்குங்கள். காலி டின்னைக் கிழித்துப் போடுங்கள். அதில் மட்ட ஆயிலை நிரப்பி விற்பவர்கள் உண்டு. வடித்த ஆயிலை வாய்க்காலில் கொட்டாதீர்கள்.