காளைக்கு அவித்த கொள்ளு, கன்றுக்குச் சீம்பால்

போடியிலிருந்து மூணாறு சாலையில் ஏறுகிறவர்கள் முந்தலைத் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகளை எண்ணத் தொடங்குவார்கள். போடிமெட்டுக்குள் 17 வளைவுகள். நான் சொல்ல வருவது அந்த வளைவுகளுக்கு முன்னால், அடிவாரத்து மாட்டுக்கொட்டகைகளில் காணக்கிடைக்கும் சங்கதி.

விடிகாலையில் ஒரு கொட்டகை வாசலில் மூன்று கல் கூட்டிய அடுப்பில் கொள்ளு வெந்துகொண்டிருந்தது. தண்ணீர் செங்காவி நிறத்துக்கு வந்திருந்தது. தோல் வெடித்த பயறு ஒன்றைக் கரண்டியில் எடுத்து, ஊதி, விரலால் நசுக்கிப் பார்த்தார் அந்த வீட்டு அம்மா. உள்ளே இன்னும் கடுக்கென்று ஏதோ இருந்திருக்க வேண்டும். விறகை உள்ளே தள்ளிவிட்டார். ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டேன். “பச்சையாப் போட்டா ஒடம்புல ஒட்டாது தம்பி” என்றார்.

ஒட்டாது! உயிர்வேதியியல் சொல்வதும் ஏறக்குறைய அதுதான்.

1917இல் அமெரிக்காவில் ஆஸ்போர்ன், மெண்டல் என்ற இருவர் எலிக்குஞ்சுகளுக்குச் சோயா மொச்சை கொடுத்துப் பார்த்தார்கள். பச்சையாகத் தின்றவை வளரவில்லை. வேகவைத்ததைத் தின்றவை நன்றாக வளர்ந்தன. இரண்டிலும் இருந்தது அதே புரதம். காரணம் பிடிபட ஏறக்குறைய 30 ஆண்டுகள் ஆயின. 1945இல் குனிட்ஸ் சோயாவிலிருந்து ஒரு புரதத்தைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். அதன் வேலை, விலங்கின் செரிமானத்தைத் தடுப்பது.

நாம் தின்னும் புரதம் நீண்ட சங்கிலி. கணையத்தில் உருவாகிக் குடலுக்கு வரும் ட்ரிப்சின் என்ற நொதி அதை நறுக்குகிறது. கண்ட இடத்தில் வெட்டாது. லைசின், ஆர்ஜினின் என்ற இரண்டு கண்ணிகளை அடுத்து மட்டுமே வெட்டும். பயறில் இருக்கும் தடுப்பான் அந்தக் கண்ணி ஒன்றைச் சரியான கோணத்தில் நீட்டிக்கொண்டு வருகிறது. ட்ரிப்சின் கவ்வுகிறது, அப்படியே மாட்டிக்கொள்கிறது. பாக்குவெட்டியின் வாயில் கூழாங்கல் சிக்கியதுபோல, வெட்டவும் முடியாது, உமிழவும் முடியாது.

கொள்ளில் இருப்பது இதில் கெட்டிக்கார வகை. இரட்டைத் தலை கொண்டது. ஒரு தலை ட்ரிப்சினைப் பிடிக்கும்போதே இன்னொரு தலை கைமோட்ரிப்சின் என்ற மற்றொரு நொதியைப் பிடிக்கும். ஏழு கந்தகப் பாலங்கள் அதை இறுக்கிக் கட்டியிருப்பதால் சூட்டுக்கும் எளிதில் மசியாது. மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் இதை நுணுக்கமாக ஆராய்ந்து 2004இல் வெளியிட்டார்கள். 76 கண்ணிகள் கொண்ட இந்தப் புரதம் விதையில் இரண்டிரண்டாக இணைந்து கிடக்கிறது. இணைத்துப் பிடிப்பது வால்நுனியில் உள்ள 76ஆவது கண்ணி. முளைவிட்ட கொள்ளில் அந்த வால் கத்தரிக்கப்பட்டு, ஜோடி பிரிந்துவிடுகிறது. ஒரு சின்னப் பயறுக்குள் இத்தனை ஏற்பாடு நடக்கிறது என்று படித்த நாளில் எனக்குக் கொள்ளுரசம் வேறு ருசியாக இருந்தது.

தடுப்பானைத் தின்ற உடம்பு என்ன செய்யும்? ட்ரிப்சின் போதவில்லை என்று நினைத்துக் கணையம் இன்னும் சுரக்கும். பச்சைச் சோயா தின்ற கோழிக்குஞ்சுகளின் கணையம் வீங்கிப் பெருத்ததை 1948இலேயே பார்த்திருக்கிறார்கள். சுரந்த நொதிகளும் புரதம்தான். கந்தக அமினோ அமிலங்கள் நிறைந்த புரதம். அவை எச்சத்தோடு வெளியேறுகின்றன. இறகுக்கும் சதைக்கும் போக வேண்டியது வீணாகிறது.

வளர்ந்த மாட்டுக்கு இந்தக் கஷ்டம் குறைவு. அதன் பெருவயிற்று நுண்ணுயிர்கள் தடுப்பானில் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும். காளைக்கு அவிப்பது முக்கியமாகக் கடினமான பயறு மெத்தென்று ஆகத்தான். பெருவயிறு தேறாத இளங்கன்று, கோழி, குதிரை இவற்றுக்குத்தான் அவித்தே ஆக வேண்டும். பழைய சென்னை மாகாணத்தில் குதிரைகளுக்கு அவித்த கொள்ளுதான் வைத்தார்கள். ஆங்கிலத்தில் அதற்கு ‘ஹார்ஸ் கிராம்’ என்ற பெயரே நிலைத்துவிட்டது.

செடி எதற்காக இதைச் செய்கிறது? 1972இல் கிரீன், ரயன் இருவரும் தக்காளிச் செடியில் வண்டுகளை விட்டார்கள். கடிபட்ட இலையில் மட்டுமின்றிக் கடிபடாத இலைகளிலும் தடுப்பான் சேர்ந்தது. தின்ன வருகிறவன் வயிற்றையே பூட்டும் தற்காப்பு. விதையில் அது முன்கூட்டியே வைக்கப்பட்டிருக்கிறது, அடுத்த தலைமுறையின் சோற்றுக்குக் காவலாக. ஆனாலும் மொச்சை மூட்டையில் துளை விழுகிறதே என்பீர்கள். பயறு வண்டுக்கு ட்ரிப்சினை நம்ப வேண்டியதில்லை. வேறு குடும்பத்து நொதியால் செரித்துக்கொள்கிறது.

விலங்குகளும் இதே பூட்டை வைத்திருக்கின்றன. முட்டை வெள்ளைக்கருவின் புரதத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு ஒரு ட்ரிப்சின் தடுப்பான். பெண் கொசு குடித்த ரத்தத்தை ட்ரிப்சின் கொண்டு செரித்துத்தான் முட்டை வளர்க்கிறது. செரித்தது போதும் என்னும் கட்டத்தில் அதன் சூலகமே பத்துக் கண்ணி நீளமுள்ள ஹார்மோனை அனுப்பி ட்ரிப்சின் உற்பத்தியை நிறுத்துகிறது.

எனக்கு இவை எல்லாவற்றிலும் பெரிதாகப் படுவது சீம்பால். பசுவின் நஞ்சுக்கொடி வழியாக நோய் எதிர்ப்புப் புரதங்கள் கன்றுக்குப் போவதில்லை. கன்று ஏறக்குறைய வெறுங்கையோடுதான் பிறக்கிறது. முதல் பாலில் அந்தப் புரதங்கள் அடர்த்தியாக இருக்கின்றன. கன்றின் குடல்சுவரும் அவற்றை முழுசாக உள்ளே விடுகிறது. ஆனால் ட்ரிப்சின் வெட்டினால் எல்லாம் பாழ். அதனால் தாய் பாலோடு சேர்த்தே ட்ரிப்சின் தடுப்பானையும் தருகிறாள். லாஸ்கோவ்ஸ்கி என்ற தந்தையும் மகனும் 1951இல் அதைச் சீம்பாலிலிருந்து படிகமாகப் பிரித்தார்கள். கொள்ளில் நாம் வேகவைத்து அழிக்கும் வேலைக்காரன், இங்கே கன்றின் உயிரைக் காக்கிறான். அடுத்த சில நாள் பாலில் அவன் வேகமாகக் குறைந்துபோகிறான்.

குடலின் கதவும் மணிக்கு மணி சாத்திக்கொண்டே வந்து, ஒரு நாளில் அடைத்துக்கொள்கிறது. நம் ஊர்களில் பலர் மாடு நஞ்சு போடும்வரை கன்றை ஊட்டவிடுவதில்லை. நஞ்சு விழ எட்டு மணி நேரமும் ஆகலாம், பன்னிரண்டும் ஆகலாம். அந்த நேரத்தில் கன்று இழப்பது திரும்பக் கிடைக்காது. கன்று முட்டிக் குடித்தால் சுரக்கும் ஆக்சிடோசின் கருப்பையைச் சுருக்கி, நஞ்சு விழவும் உதவும். எனவே பிறந்து ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்குள் கன்று காம்பைப் பிடித்துவிட வேண்டும். எழுந்து நிற்கத் தெம்பில்லாத கன்றுக்குக் கறந்தாவது புகட்ட வேண்டும்.

அந்தக் கொட்டகையில் முந்தைய நாள் பிறந்த செவலைக் கன்று ஒன்று, கால் பரப்பி நின்று மடியை முட்டிக்கொண்டிருந்தது. வாயோரம் மஞ்சள் நுரை. அது குடித்து மிஞ்சியதைத்தான் அந்த அம்மா கருப்பட்டியும், மேலே மெட்டிலிருந்து வந்த ஏலக்காய் இரண்டும் தட்டிப்போட்டுக் காய்ச்சி, கட்டியாகத் திரண்டதும் ஒரு கிண்ணத்தில் எனக்குக் கொடுத்தார்.