உந்தம் எப்போது மாறாதிருக்கும்?

கேரம் பலகையில் ஸ்டிரைக்கரைச் சுண்டுகிறோம். அது காயில் மோதுகிறது. காய் சற்றுத் தூரம் ஓடி நின்றுவிடுகிறது. உந்தம் அழிவதில்லை என்று பாடநூல் கூறுகிறதே, நின்றுபோன காயின் உந்தம் எங்கே போயிற்று?

விடை காண, விதியை முழுமையாகப் படிக்க வேண்டும். ஒரு பொருளின் நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கினால் வருவது உந்தம். அதற்கு அளவுடன் திசையும் உண்டு. புறவிசை செயல்படாதவரை ஓர் அமைப்பின் மொத்த உந்தம் மாறாது என்பதே விதி. இதன் பிற்பகுதியை நினைவில் கொண்டு, முற்பகுதியை மறந்துவிடுவோர் பலர்.

அமைப்பு என்பது நாம் எடுத்துக்கொண்ட பொருள்களின் தொகுதி. அதைச் சுற்றி மனத்தில் ஒரு கோடு வரைந்து கொள்ளுங்கள். உள்ளேயிருக்கும் பொருள்கள் ஒன்றன்மீது ஒன்று செலுத்துபவை அகவிசைகள். நியூட்டனின் மூன்றாம் விதிப்படி இவை சமமாகவும் எதிராகவும் இருக்கும். ஆகவே ஒன்று இழக்கும் உந்தத்தை மற்றொன்று பெறும், கூட்டுத்தொகை மாறாது. கோட்டுக்கு வெளியிலிருந்து வரும் விசையே கூட்டுத்தொகையை மாற்றவல்லது.

இப்போது கேரம் பலகைக்கு வருவோம். 15 கிராம் ஸ்டிரைக்கர் வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வந்து, 5 கிராம் காயை நேராக மோதுவதாகக் கொள்வோம். மோதியபின் ஸ்டிரைக்கரின் வேகம் 1.2 மீட்டரானால், காயின் வேகம் 2.4 மீட்டராக இருக்கும். கூட்டிப் பாருங்கள்: முன்பு 30; பின்பு 18 + 12 = 30. பலகையின் உராய்வு ஒரு புறவிசைதான். ஆனால் மோதல் நீடிப்பது மிகச் சிறிது நேரமே. அதற்குள் உராய்வு செய்யும் மாற்றத்தைப் புறக்கணிக்கலாம். பின்னர் காய் ஓடும் நேரம் நீண்டது. அப்போது உராய்வு உந்தம் முழுவதையும் பலகைக்கும், மேசை வழியாகப் பூமிக்கும் மாற்றிவிடுகிறது. பூமியின் நிறை மிகப் பெரிதாதலால் அதன் நகர்வு நமக்குத் தெரிவதில்லை.

அடுத்து, கரையருகே அசையாது மிதக்கும் 100 கிலோகிராம் படகு. அதிலிருந்து 50 கிலோகிராம் சிறுவன் ஒருவன் வினாடிக்கு 2 மீட்டர் கிடைவேகத்தில் கரைக்குத் தாவுகிறான். எடையும் நீரின் மிதப்பு விசையும் செங்குத்தானவை. கிடைத்திசை உந்தத்தை அவை மாற்றா. நீரின் தடையும் அந்தச் சிறு நேரத்தில் பொருட்படுத்தத் தக்கதன்று. தொடக்கத்தில் மொத்த உந்தம் சுழி. எனவே படகு வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் பின்னே செல்லும். கால் உதைக்கும்போதே படகு விலகுவதால், தரையில் தாவும்போது கிடைக்கும் வேகம் இங்கே கிடைக்காது. கட்டாத படகிலிருந்து தாவுவோர் கரையை எட்டாமல் நீரில் விழுவது இதனால்தான்.

படகைக் கரையில் இறுகக் கட்டிவிட்டால் அது விலகாது. கயிற்றின் இழுவிசை புறவிசை. சிறுவனும் படகும் சேர்ந்த அமைப்பின் உந்தம் இப்போது மாறுகிறது. கோட்டை விரித்துப் பூமியையும் உள்ளே சேர்த்தால், மொத்தம் மீண்டும் மாறாதிருக்கும்.

ஆகவே கணக்கைத் தொடங்குமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். எவையெவை என் அமைப்பில் உள்ளன? எந்தத் திசையில் புறவிசை இல்லை? புறவிசை இருந்தால், அது செயல்படும் நேரம் புறக்கணிக்கத் தக்கதா?

கையிலிருந்து நழுவிய பந்தின் உந்தம் கணந்தோறும் பெருகுகிறது. விதி பொய்த்துவிட்டதா? கோட்டை எங்கே வரையவேண்டும் என்று சிந்தித்துப் பாருங்கள்.