தோள் கொடுத்தவர்கள்

உடன்குடிக் கடைத்தெருவில் 108 வண்டியின் ஓசை கேட்டதும், கருப்பட்டி மூட்டை ஏற்றிக்கொண்டிருப்போரும் ஒதுங்கி வழிவிடுகின்றனர். ஆம்புலன்ஸ் என்றால் நமக்கு அந்த வண்டிதான். இராணுவத்திலோ ‘ஃபீல்டு ஆம்புலன்ஸ்’ என்பது வண்டியன்று; மருத்துவர், மருத்துவ உதவியாளர், ஸ்ட்ரெச்சர் சுமப்போர், ஓட்டுநர், சமையற்காரர் எனப் பலர் அடங்கிய ஒரு படைப்பிரிவு.

கொரியாவில் 1950ஆம் ஆண்டு போர் மூண்டபோது, சண்டையிடும் படையை அனுப்ப நேருவின் அரசு இசையவில்லை. அதற்கு மாறாக 60ஆவது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ் பிரிவை அனுப்பிற்று. அதன் தலைவர் ஒரு தமிழர்: லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ்.

அவ்வாண்டு டிசம்பரில் சீனப் படைகள் பெருகிவர, ஐ.நா. படைகள் பியோங்யாங் நகரைவிட்டுப் பின்வாங்கின. மருத்துவக் கருவிகளை ஏற்றிச்செல்ல நம்மவர்க்குப் போதிய வாகனம் இல்லை. போட்டுவிட்டு ஓடிவருவது எளிது. ஆனால் மறுவாரம் காயம்பட்டு வருபவனுக்குக் கத்தியும் இராது, கட்டுத்துணியும் இராது. அங்கே கிடந்த நீராவி எஞ்சின் ஒன்றையும் சில பெட்டிகளையும் தேடிப்பிடித்தனர். எஞ்சின் ஓட்டத் தெரிந்தோர் அப்பிரிவிலேயே இருந்தனர்! பாலம் தகர்க்கப்படுமுன் கருவிகளோடு ஆற்றைக் கடந்தனர். பின்னர் பிழைத்த உயிர்களைக் காத்தது அறுவைக் கத்தி மட்டுந்தானா? எஞ்சினுக்குக் கரி அள்ளிப்போட்ட கைக்கும் அதில் பங்கில்லையா?

குண்டடிபட்டவனை முதலில் தொடுபவர் பெரும்பாலும் மருத்துவர் அல்லர், துணைப்பணியாளரே. குருதியை நிறுத்த இறுகக் கட்டினால், கட்டிய நேரத்தைக் குறித்துவைக்க வேண்டும். நெடுநேரம் அப்படியே விட்டால் அவ்வுறுப்பே அழிந்துபோகும். வலிக்கு மார்பியா ஊசி போட்டால் அதையும் சீட்டில் எழுதி அவன் உடலில் கட்டியனுப்ப வேண்டும். அறியாமல் அடுத்தவர் மீண்டும் போட்டால் மூச்சு நின்றுவிடக்கூடும். ஒரு துண்டுப் பென்சில் அங்கே மருந்துக்கு நிகர். அதன்பின் அவனைச் சுமந்துகொண்டு பனி மூடிய மலைச்சரிவில் இறங்கவேண்டும்.

1949ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை மருத்துவரையும், காயம்பட்டோரைச் சுமந்து செல்வோரையும் ஒன்றாகவே வைத்துப் பாதுகாப்பளிக்கிறது. தம்மையும் தம் நோயாளிகளையும் காக்க மட்டுமே அவர்கள் ஆயுதம் ஏந்தலாம். பிடிபட்டாலும் போர்க்கைதிகளாகக் கருதப்படார். இது எங்கும் மதிக்கப்படுகிறது என்று சொல்வதற்கில்லை. நம் கடலுக்கு அக்கரையில், 2009ஆம் ஆண்டு பிப்ரவரியில், புதுக்குடியிருப்பு மருத்துவமனைமீதே எறிகணைகள் விழுந்தன.

நம் இல்லங்களில் பிள்ளை மருத்துவ உதவியாளர் படிப்பில் சேர்ந்தால், “டாக்டருக்கு இடம் கிடைக்கவில்லையோ?” என்று உறவினர் வினவுவதுண்டு. பெற்றோர் தலைகுனிந்து பதில் சொல்வதையும் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு இதைச் சொல்ல விரும்புகிறேன்: 1951 மார்ச் 23 அன்று, முன்சான் அருகே அமெரிக்கப் பாராசூட் படையினர் வானிலிருந்து குதித்தபோது, ரங்கராஜும் அவர் பிரிவினரும் உடன் குதித்தனர். மொத்தம் 12 பேர். அவர்களுள் மருத்துவர் அல்லாதோரும் இருந்தனர்.