கடின நீரும் அதனை மென்மையாக்கும் இயந்திரமும்
(தலைமையாசிரியர்)



மழைநீரில் சவர்க்காரம் நன்றாக நுரைக்கிறது. ஆனால் சுண்ணாம்புக் குன்றுகள் சூழ்ந்த கிந்தா பள்ளத்தாக்கிலும் பெர்லிஸ் மாநிலத்திலும் சில கிணற்று நீரில் அதே சவர்க்காரம் நுரைக்க மறுப்பதேன்? மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு சுண்ணாம்புப் பாறைகளினூடே செல்லும்போது, கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் உப்புகளை ஏற்றுக்கொள்கிறது. அதுவே கடின நீர். அது பொதுவாக உடலுக்குத் தீங்கு செய்வதன்று. ஆயினும் கேத்தலில் வெண்ணிறப் படிவை உண்டாக்கும்; துணி துவைக்கச் சவர்க்காரமும் அதிகம் செலவாகும்.

இதற்காகச் சில இல்லங்களில் நீரை மென்மையாக்கும் இயந்திரத்தைப் பொருத்துகின்றனர். அதனுள் சோடியம் ஏற்றிய சிறு பிசின் மணிகள் உள்ளன. நீர் அவற்றின் வழியே செல்லும்போது, மணிகள் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பற்றிக்கொண்டு சோடியத்தை விடுகின்றன. நாளடைவில் மணிகள் நிரம்பிவிடும். அப்பொழுது பக்கத்துத் தொட்டியிலுள்ள உப்புநீர் அவற்றைக் கழுவி, மீண்டும் சோடியத்தை ஏற்றுகிறது, கழிவுநீர் வெளியேறுகிறது.

சென்ற ஆண்டு என் முன்னாள் மாணவர் ஒருவர், "ஐயா, எங்கள் வீட்டு இயந்திரம் கெட்டுவிட்டது. புதிதுதான் வாங்க வேண்டுமென்று கடைக்காரர் கூறுகிறார். அம்மாவின் சேமிப்பை எடுக்கப்போகிறேன்" என்று வருந்தினார். "தம்பி, பணத்தை எடுக்குமுன் காரணத்தைக் கண்டறிவோம்" என்று கூறி அவர் இல்லம் சென்றேன்.

முதலில் சோதனை செய்தோம். மூன்று தெளிந்த போத்தல்களில் முறையே மழைநீர், இயந்திரத்தில் நுழையாத நீர், இயந்திரத்திலிருந்து வரும் நீர் ஆகியவற்றைச் சம அளவு ஊற்றினோம். ஒவ்வொன்றிலும் ஒரே அளவு கட்டிச் சவர்க்காரத் துருவலை இட்டுக் குலுக்கினோம். (சலவைத் தூள் இதற்குப் பயன்படாது.) மழைநீர் நுரைத்தது, ஏனைய இரண்டும் கலங்கித் திரிந்தன. ஆகவே இயந்திரம் தன் வேலையைச் செய்யவில்லை என்பது தெளிவாயிற்று.

பின்னர் எளியவற்றிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக ஆராய்ந்தோம்.

1. நீர் இயந்திரத்தைச் சுற்றிச் செல்லும் மாற்றுவழித் திருகு திறந்திருக்கிறதா? இல்லை.

2. மின்சாரம் வருகிறதா? கடிகாரம் சரியான நேரத்தைக் காட்டுகிறதா? மின்தடைக்குப் பின் நேரம் மாறிப்போவதுண்டு. இங்கே சரியாகவே இருந்தது.

3. தொட்டியில் உப்பு உள்ளதா? நிரம்பியிருந்தது! ஆயினும் பல வாரங்களாக அது குறையவே இல்லை என்றார் அம்மா. இதுவே முக்கியமான துப்பாயிற்று.

விளக்குமாற்றுக் காம்பால் உப்பை மெல்ல அழுத்தினேன். மேற்பகுதி பாறைபோல் இறுகியிருந்தது; உடைந்ததும் கீழே வெற்றிடம் தெரிந்தது. நம் நாட்டின் ஈரக் காற்றில் இவ்வாறு உப்புப் பாலம் அமைவதுண்டு. நீர் உப்பைத் தொடாததால் உப்புநீர் உண்டாகவில்லை. கட்டிகளை உடைத்து, சில மணி நேரம் ஊறவிட்டு, கழுவும் சுற்றைக் கையால் இயக்கினோம். மறுபடியும் சோதித்தபோது நுரை பொங்கியது. அந்த அம்மாவின் முகமும் மலர்ந்தது. சேமிப்பு வங்கியிலேயே இருந்தது.

உப்புப் பாலம் இல்லாமலும் உப்பு குறையவில்லையெனில், உப்புநீரை உறிஞ்சும் சிறுதுளை அடைபட்டிருக்கலாம். மின்சாரத்தைத் துண்டித்து, மாற்றுவழியைத் திறந்து, அழுத்தத்தை நீக்கிய பின்னரே அதனைக் கழற்றி, வெந்நீரிலும் மென்மையான தூரிகையாலும் கழுவ வேண்டும்; ஊசியால் குத்தலாகாது. நீர் உப்புக் கரித்தால் கழிவுக் குழாய் மடங்கியுள்ளதா எனக் காண்க. கிணற்று நீர் செந்நிறமாக இருப்பின் அதிலுள்ள இரும்பு மணிகளை மூடிவிடும். அதற்குரிய மருந்தால் கழுவ வேண்டும். குழாயில் மணிகளே வெளிவருமாயின் தொழில்நுட்பரை அழைப்பதே முறை.

இரத்த அழுத்தமுடையோர் கவனிக்க: மென்மையாக்கப்பட்ட நீரில் சோடியம் சற்று மிகுதி. உப்பைக் குறைக்கும்படி மருத்துவர் கூறியிருந்தால், குடிப்பதற்கு வேறு நீரைப் பயன்படுத்துவது பற்றி அவரிடம் கேட்டறிக.

மாணவர்களே! கணக்கில் ஒவ்வொரு படியையும் சரிபார்ப்பது போலவே வாழ்விலும் காரணத்தைத் தேடுங்கள். பொருள் கெட்டதென்று சொல்வது எளிது. ஏன் கெட்டதென்று கேட்பதே கல்வி.