மடிக்கணினி வாங்குவதற்கு முன்

பட்டர்வொர்த் துறைமுகத்தை அடுத்துள்ள பாகான் டாலாமில், எஸ்.பி.எம். தேர்வு முடிவு வெளிவந்த சில வாரங்களில் பல வீடுகளில் ஒரே பேச்சு எழும். ஆறாம் படிவமோ, மெட்ரிகுலேசனோ, பாலிடெக்னிக்கோ, பிள்ளை எங்குச் சென்றாலும் மடிக்கணினி ஒன்று வேண்டும். எதை வாங்குவது? எவ்வளவுக்கு வாங்குவது? அண்ணன் ஒன்றைச் சொல்வார். மாமா வேறொன்றைச் சொல்வார். படகேறி ஜார்ஜ்டவுனுக்குச் சென்று கொம்தாரில் விசாரித்தால், கடைக்காரர் மூன்றாவதாக ஒன்றைக் காட்டுவார். நாட்டின் குறைந்தபட்ச ஊதியம் 2025-இல் மாதம் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. சாதாரணமான ஒரு புதிய மடிக்கணினியே அந்த ஒரு மாத ஊதியத்தை விழுங்கிவிடக்கூடும். சரியில்லை என்று அடுத்த மாதமே மாற்றிக்கொள்ளக் கூடிய பொருள் அன்று இது.

எனவே, விளம்பரத்திலுள்ள எண்களைப் பார்ப்பதற்கு முன் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: எந்த வேலைக்கு, எத்தனை ஆண்டுகளுக்கு இது போதும்?

இந்தக் கேள்வி கையடக்கக் கணினியின் தொடக்கக் காலத்திலேயே எழுந்தது. 1981 ஏப்ரலில் அமெரிக்காவில் ‘ஓஸ்போர்ன் 1’ என்னும் கணினி அறிமுகமானது. தூக்கிச் செல்லும் கணினிகளில் வணிக வெற்றி பெற்ற முதல் கணினியாக அது கருதப்படுகிறது. அதன் எடை ஏறக்குறைய 11 கிலோகிராம்; திரை 5 அங்குலம்; நினைவகம் 64 கிலோபைட்; விலை 1,795 டாலர். அதனை விற்ற ஆடம் ஓஸ்போர்ன், சிறுவயதில் திருவண்ணாமலையில் வளர்ந்து தமிழ் பேசியவர். பிற்காலத்தில் இந்தியாவுக்குத் திரும்பி, 2003-இல் கொடைக்கானலில் மறைந்தார். போதுமான அளவு இருந்தால் போதும், அதற்கு மேற்பட்டவை மிகை என்பது அவருடைய வணிகக் கொள்கை. எழுதுவதற்கும் கணக்குப் போடுவதற்கும் தேவையான மென்பொருள்களை அவர் கணினியுடனேயே சேர்த்துக் கொடுத்தார். மக்கள் விரும்பி வாங்கினர். ஆயினும், அடுத்த ஆண்டே 9 அங்குலத் திரையுடன் காய்ப்ரோ சந்தைக்கு வந்தது. 1983-இல் ஓஸ்போர்ன் நிறுவனம் திவாலானது. வீழ்ச்சிக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும், 1981-இல் போதுமானதாக இருந்த சின்னத் திரை இரண்டே ஆண்டுகளில் போதாமற் போனது என்பதை மறுக்க முடியாது.

மாணவர்க்கும் கணக்கு அதுதான். மூன்றாண்டு டிப்ளோமா படிக்கப் போகிறவர் இன்றைய தேவையை மட்டும் பார்த்தால் இரண்டாம் ஆண்டில் திண்டாடுவார். என்றேனும் தேவைப்படலாம் என்று எல்லாவற்றையும் வாங்கினால் வீட்டுப் பணம் வீணாகும்.

முதலில், செய்யப்போகும் வேலைகளை ஒரு தாளில் எழுதலாம். கட்டுரை எழுதுதல், படைப்புத் தயாரித்தல், இயங்கலை வகுப்பில் கலந்துகொள்ளுதல் ஆகியவைதாம் பெரும்பாலோர் செய்பவை. இவற்றுக்கு விலையுயர்ந்த கணினி தேவையில்லை. காணொளித் தொகுப்பு, முப்பரிமாண வடிவமைப்பு போன்றவற்றுக்கு ஆற்றல் மிக்க நுண்செயலியும் பெரும்பாலும் தனி வரைகலை அட்டையும் வேண்டும். சேரவிருக்கும் துறையில் எந்த மென்பொருள் பயன்படுகிறது என்பதை முன்கூட்டியே கேட்டறிவது நல்லது. எடுத்துக்காட்டாக, இயந்திரப் பொறியியலில் பயன்படும் சாலிட்வொர்க்ஸ் விண்டோசில் இயங்குவதற்காகவே உருவாக்கப்பட்டது. அத்துறைக்குச் செல்பவர் குரோம்புக் வாங்கினால், அது எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நட்டமே.

கணினியின் உறுப்புகளில் மூன்றைப் புரிந்துகொண்டால் கடையிலுள்ள விலை அட்டையைப் பெரும்பாலும் படித்துவிடலாம்.

முதலாவது, தற்காலிக நினைவகமாகிய ரேம். இதனைப் படிக்கும் மேசைக்கு ஒப்பிடலாம். மேசை பெரிதாக இருந்தால் பல நூல்களை ஒரே நேரத்தில் விரித்து வைக்கலாம். சிறிதாக இருந்தால் ஒன்றை எடுக்கும்போது மற்றொன்றை அலமாரியில் வைக்க வேண்டும். 4 ஜிபி ரேம் உள்ள கணினியில் இயங்கலை வகுப்பையும் சில இணையப் பக்கங்களையும் ஒன்றாகத் திறந்தால் தடுமாற்றம் தெரியும். இன்று 8 ஜிபி ரேமைக் குறைந்த அளவாகக் கொள்ளலாம். மூன்று நான்கு ஆண்டுகள் உழைக்க வேண்டுமெனில் 16 ஜிபி நல்லது. இங்கு ஒரு நுணுக்கம் உண்டு. சில கணினிகளில் ரேமைப் பின்னர் கூட்டிக்கொள்ளலாம். மெல்லிய கணினிகள் பலவற்றில் அது பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதற்கேள்வி, “இதில் ரேமைக் கூட்ட முடியுமா?” என்பதே. கூட்ட முடியுமெனில் 8 ஜிபியோடு தொடங்கலாம். முடியாதெனில், வேறு ஏதேனும் ஒன்றைக் குறைத்தாவது 16 ஜிபியை வாங்குவது அறிவுடைமை. பின்னால் மாற்ற முடியாத உறுப்புக்கே பணத்தை முதலில் ஒதுக்க வேண்டும்.

இரண்டாவது, சேமிப்பகம். எஸ்.எஸ்.டி. எனப்படும் திடநிலைச் சேமிப்பகம் வேகமானது. மிக மலிவான கணினிகள் சிலவற்றில் அதற்குப் பதிலாக இ.எம்.எம்.சி. வகைச் சேமிப்பகம் இருக்கும். அது வேகத்தில் குறைந்தது. அத்துடன் 64 ஜிபி மட்டுமே இருந்தால், விண்டோசும் அதன் புதுப்பிப்புகளும் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். பாடக் கோப்புகளுக்கு இடம் இராது. 256 ஜிபி எஸ்.எஸ்.டி. மாணவர்க்குப் பொதுவாகப் போதும்.

மூன்றாவது, நுண்செயலி. கடைகளில் மிகுதியாகப் பேசப்படுவது இதுவே. கட்டுரை எழுதும் மாணவர்க்கோ மூன்றில் இதுவே குறைவாகக் கவலைப்பட வேண்டியது. நீரிணைக்கு அக்கரையில் பாயான் லெப்பாசில் இன்டெல் நிறுவனம் 1972-இல் தொழிற்சாலை தொடங்கியது. அமெரிக்காவுக்கு வெளியே அது அமைத்த முதல் உற்பத்திக் கூடம் அது. பாகான் டாலாமில் ஒருவர் வாங்கும் கணினியின் சில்லு, பாலத்துக்கு அப்பால் சோதிக்கப்பட்டதாகவே இருக்கக்கூடும். அருகில் செய்கிறார்கள் என்பதற்காக விலை குறைவதில்லை என்பது வேறு கதை!

விலை அட்டையில் அச்சாகாத கூறுகளும் உள்ளன. விசைப்பலகையில் ஒரு பத்தியைத் தட்டிப் பார்க்க வேண்டும். திரையைச் சற்றுச் சாய்த்து, எழுத்து மங்குகிறதா என்று கவனிக்க வேண்டும். மின்கலத்தின் கொள்ளளவு வாட்-மணியில் குறிக்கப்படும். 50 வாட்-மணி மின்கலம், 10 வாட் மின்சாரம் செலவிடும் வேலைக்கு ஏறத்தாழ 5 மணி நேரம் வரும். நாள்தோறும் பேருந்திலும் படகிலும் சென்று படிப்பவர்க்கு எடை மிக முக்கியம். விளையாட்டுக்கென வடிவமைக்கப்பட்ட கணினிகள் பல 2 கிலோகிராமுக்கு மேல் இருக்கும்; மின்னேற்றியும் கனக்கும். முதல் வாரம் பெருமையாக இருக்கும். பிறகு தோள் வலிக்கும்.

பணம் குறைவாக உள்ளவர்கள் பயன்படுத்திய கணினியை நாடுவது இயல்பு. அதில் தவறில்லை. அலுவலகங்கள் பயன்படுத்திக் கழித்த கணினிகளுள் நெடுங்காலம் உழைப்பவை உண்டு. ஆனால், விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-இல் நிறுத்திக்கொண்டது. பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வராத கணினியில் தொடர்ந்து வேலை செய்வது ஆபத்து. விண்டோஸ் 11-ஐ முறைப்படி நிறுவ, இன்டெல் நுண்செயலி பெரும்பாலும் எட்டாம் தலைமுறையையோ அதற்குப் பிந்தியதையோ சேர்ந்ததாக இருக்க வேண்டும். இதனைப் பெயரிலிருந்தே அறியலாம். ‘ஐ5-7200யூ’ என்றால் கோட்டுக்குப் பின்னுள்ள 7 ஏழாம் தலைமுறையைக் குறிக்கும். ‘ஐ5-8250யூ’ எட்டாம் தலைமுறை. ‘ஐ5-1135ஜி7’ போல 1-இல் தொடங்கினால் முதல் இரண்டு இலக்கங்களைப் படிக்க வேண்டும். அது 11-ஆம் தலைமுறை. அண்மைக் காலக் கணினிகளில் பெயரிடும் முறை மாறிவிட்டது. ஆனால், பழைய கணினி வாங்குவோர்க்கு இந்த ஓர் எண் பல நூறு ரிங்கிட்டைக் காப்பாற்றும். “ஐ5 தான், நல்ல கணினி” என்று மட்டும் சொல்லித் தலைமுறையைச் சொல்லாத விற்பனையாளரிடம் கட்டாயம் கேட்க வேண்டும்.

பணம் செலுத்தும் முறையிலும் கணக்குப் பார்க்க வேண்டும். ரொக்கத்துக்கு 2,300 ரிங்கிட் விலையுள்ள கணினியை மாதம் 120 ரிங்கிட் வீதம் 24 மாதங்கள் கட்டி வாங்குவதாகக் கொள்வோம். மொத்தம் 2,880 ரிங்கிட். கூடுதலாகச் செல்லும் 580 ரிங்கிட்டுக்கு ரேமையே கூட்டிக்கொள்ளலாம். வருமான வரி கட்டும் பெற்றோர், தம் பிள்ளைக்கு வாங்கிய கணினிக்கு வாழ்க்கைமுறை வரிவிலக்குக் கோரலாம். நூல்கள், திறன்பேசி, இணையக் கட்டணம் ஆகிய அனைத்தையும் சேர்த்து ஆண்டுக்கு 2,500 ரிங்கிட் வரையில் இது அனுமதிக்கப்படுகிறது. அவ்வளவு பணமும் திரும்பக் கிடைக்கும் என்று சிலர் எண்ணுகின்றனர், அப்படியன்று. வரி விதிக்கப்படும் வருமானத்திலிருந்து அத்தொகை கழிக்கப்படும். வரி விகிதம் 6 விழுக்காடாக இருந்தால் மிச்சமாவது 150 ரிங்கிட்.

மென்பொருளுக்குத் தனியாகப் பணம் கட்டும் முன், பள்ளியோ கல்லூரியோ இலவசமாகத் தருகிறதா என்று கேட்க வேண்டும். கல்வி அமைச்சின் டெலிமா கணக்கு வைத்துள்ள மாணவர்களுக்குக் கூகள், மைக்ரோசாப்ட் கருவிகள் கிடைக்கின்றன.

உத்தரவாதம் தருபவர் தயாரிப்பாளரா, கடைக்காரரா, எத்தனை மாதங்களுக்கு, மின்கலமும் அதில் அடங்குமா ஆகியவற்றை எழுத்தில் பெற வேண்டும். வாய்மொழி உறுதி கடை வாசலைத் தாண்டுவதில்லை. 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், பொருள் ஏற்கத்தக்க தரத்துடன் இருக்க வேண்டும் என்கிறது. கடைக்காரர் பொறுப்பேற்க மறுத்தால், மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணம் செலுத்தி, 50,000 ரிங்கிட் வரையிலான இழப்பீட்டைக் கோரலாம். வழக்குரைஞர் தேவையில்லை, கோரிக்கையை மூன்றாண்டுகளுக்குள் பதிய வேண்டும். வழிகாட்டல் தேவைப்படுவோர், ஜார்ஜ்டவுனில் இயங்கும் பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தை அணுகலாம். எங்குச் சென்றாலும் முதலில் கேட்கப்படுவது ரசீதே. வெப்ப அச்சு ரசீதின் எழுத்து நாளடைவில் மங்கிவிடும் என்பதால், வாங்கிய அன்றே அதனைப் படமெடுத்து, கணினியின் வரிசை எண்ணோடு சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.